வரியால் பெயர் பெற்றவர்கள்: காதல் கவிதை வாசிப்பு வட்டம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய டைரியின் கடைசிப் பக்கங்கள், கல்லூரி நோட்டின் பின்னட்டை, கைபேசியில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தி. நம் ஊரில் காதல் கவிதைகள் குடியிருக்கும் இடங்கள் இவைதான். எழுதியவருக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருக்கும். காட்டினால் சிரித்துவிடுவார்களோ என்ற பயமும் கூடவே இருக்கும். அந்தப் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூட ஆரம்பித்தோம். தையற்கடை வைத்திருப்பவர், செவிலியர், பேருந்தில் தினமும் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரும் இளைஞர், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை எனக் கலவையான கூட்டம். புத்தகம் போட்டவர் ஒருவரும் இல்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒன்றைத் தொடங்கலாம். நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

எத்தனை பேர், எங்கே, எவ்வளவு நேரம்

ஆறு பேருக்குக் குறையவும் வேண்டாம், பத்தைத் தாண்டவும் வேண்டாம். ஒரு கவிதையை இரண்டு முறை வாசித்து, கேட்டவர்கள் பேசி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எட்டுக் கவிதை என்றால் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் கடைசியாக வாசிப்பவரின் கவிதை பசியிலும் கொட்டாவியிலும் அடிபட்டுப் போகும். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இடம் எதுவானாலும் சரி. மொட்டை மாடி, கடையடைத்த பிறகு தையற்கடை, நூலகத்தின் வாசிப்பறை. மேடையும் ஒலிபெருக்கியும் மட்டும் வேண்டாம். கவியரங்கம் என்பது வேறு வகை. அங்கே தலைமைக் கவிஞர் பெயர் சொல்லி அழைப்பார், கவிஞர் ஏறி நின்று முழங்குவார், நல்ல வரிக்கு அவையிலிருந்து "மறுபடியும்!" என்று குரல் வரும். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் முதன்முறையாகத் தன் மனசைத் தாளில் எழுதியவர் அந்த மேடையில் ஏறினால் கவிதையை விட்டுவிட்டுக் கைத்தட்டலைத் தேடத் தொடங்கிவிடுவார். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள்.

நாளை மட்டும் மாற்றாதீர்கள். முதல் ஞாயிறு என்றால் எப்போதும் முதல் ஞாயிறுதான். இரண்டு பேர் மட்டும் வந்தாலும் நடத்துங்கள்.

முதல் சந்திப்புக்குச் சொந்தக் கவிதை கொண்டுவர வேண்டாம்

இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முதல் நாளே ஒவ்வொருவரும் தம் கவிதையை எடுத்தால் ஒருவரை ஒருவர் எடைபோடத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் படிக்க வேண்டும். எங்களுக்கு அது குறுந்தொகை.

குறுந்தொகையைப் பரிந்துரைக்கக் காரணம் அதன் பழமை மட்டுமல்ல. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். எல்லாமே காதல். அதைவிட முக்கியமாக, அதில் பாடியவர்களில் சிலருக்குச் சொந்தப் பெயரே கிடையாது. பாட்டு நின்றது, எழுதியவரின் பெயர் தொலைந்தது. அதனால் பாட்டில் வந்த ஒரு தொடரையே எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

40ஆம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிற "செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்ற வரி அவருக்குக் கொடுத்த பெயர். அடுத்த பாட்டிலேயே அணிலாடு முன்றிலார் இருக்கிறார். காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர்போல மகிழ்வேன், அவர் போய்விட்டால் ஆட்கள் காலிசெய்துபோன, அணில் ஓடி விளையாடும் முற்றத்தையுடைய வீடுபோல ஆகிவிடுவேன் என்கிறாள் அந்தப் பெண். பூட்டிய வீட்டின் வாசலில் அணிலைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? மனிதர் நடமாட்டம் இல்லை என்று உறுதியான பிறகுதான் அணில் அத்தனை தைரியமாக முற்றத்தில் இறங்கும். "வீடு வெறிச்சோடிப் போனது" என்று எழுதாமலே வீட்டை வெறிச்சோட வைத்துவிட்டது அந்த அணில்.

இப்படி இன்னும் பலர். மழை பெய்த ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று ஒற்றை ஏரை வைத்துக்கொண்டு பதறும் உழவனைப்போல, தொலைவில் இருக்கும் காதலியிடம் போக நெஞ்சு பரபரக்கிறது என்றவர் ஓரேருழவனார் (131). குப்பைமேட்டில் சண்டையிடும் கோழிகளை விலக்கிவிட ஆளில்லை, என் நோயும் தானாக ஓய்ந்தால்தான் உண்டு என்று பாடியவர் குப்பைக் கோழியார் (305). காதல் கவிதையில் குப்பைமேடும் கோழியும் வரலாமா என்று தயங்குகிறவருக்கு இந்த ஒரு பெயரே போதும்.

முதல் நாள் இந்த நான்கு பாடல்களை உரையோடு படியுங்கள். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பும் அதற்குப் பின் வந்த எளிய உரைகளும் பெரும்பாலான நூலகங்களில் கிடைக்கும். படிக்கும்போது புலவர் பெயரை மறைத்துவிட்டு, "இவருக்கு எந்தத் தொடரைப் பெயராக வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். தையற்கடைக்காரர் குப்பைக் கோழியை மிகச் சரியாகச் சொன்னார். அவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். "பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன் டீச்சர்" என்று எங்கள் ஆசிரியை அம்மாவிடம் அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்தப் பெயர் வைக்கும் முறைதான் எங்கள் வட்டத்தின் உயிர். பின்னால் மறுபடி வருகிறேன்.

எழுதும்முன் மூன்று கேள்விகள்

இரண்டாம் சந்திப்புக்கு எல்லாரும் ஒரு கவிதை எழுதி வரலாம். எழுத உட்காருமுன் மூன்றே கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதச் சொல்லுங்கள். எங்கே? எப்போது? அப்போது அங்கே என்னென்ன இருந்தன?

இது நான் கண்டுபிடித்தது அல்ல. தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்ததைத்தான் கேள்வியாக்கியிருக்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கும் மரம், பறவை, உணவு, தொழில் போன்றவை கருப்பொருள். மனசில் நடப்பது உரிப்பொருள். நம்மில் பெரும்பாலோர் நேரே உரிப்பொருளில் குதித்துவிடுகிறோம். "நீயில்லாமல் நானில்லை" என்று தொடங்கி அதையே நான்கு விதமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். வாசிப்பவருக்குக் கால் வைக்க இடமில்லை.

நிலமும் பொழுதும் மனநிலையும் இப்படிச் சேர்ந்து வருவதைத் திணை என்பார்கள். மலையும் நள்ளிரவும் குறிஞ்சி, கூடல். காடும் மாலையும் முல்லை, காத்திருத்தல். வயலும் விடியலும் மருதம், ஊடல். கடற்கரையும் பொழுது சாயும் நேரமும் நெய்தல், இரங்கல். சுடும் நண்பகல் பாலை, பிரிவு. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் நிலம் எது என்று கேட்டுக்கொண்டால் போதும். கணவர் வளைகுடாவில் வேலை செய்யும் செவிலியர், விமான நிலையத்தின் வெளிவாசலைத் தன் பாலை என்றார். உள்ளே போக டிக்கெட் இல்லாதவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைக்கும் இடம் அது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அங்கே நின்றவருக்குத் திணை இலக்கணம் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கேள்விகளோடு ஒரு சலுகையும் உண்டு. காதலரை நோக்கித்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சங்கப் பாடல்களில் தலைவி தோழியிடம் பேசுவாள், தோழி தலைவனிடம் பேசுவாள், தலைவன் தன் நெஞ்சோடு பேசுவான், வளர்த்த செவிலித்தாயும் பேசுவாள். இதைக் கூற்று என்பார்கள். "நீ", "உன்" என்று எழுதிச் சிக்கிக்கொண்ட கவிதையை, அக்காவிடம் சொல்வதுபோல் மாற்றி எழுதிப் பாருங்கள். குரல் உடனே இயல்பாகிவிடும். காதலரிடம் நாம் கொஞ்சம் நடிக்கிறோம், அக்காவிடம் நடிக்க முடியாது.

தேய்ந்த சொற்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது?

நிலா, தேவதை, வானவில், இதயம், தென்றல், உயிரே. இவை கெட்ட சொற்கள் அல்ல. ஆயிரம் கை பட்டதால் முகம் தேய்ந்த நாணயங்கள். இவற்றுக்கு எங்கள் வட்டத்தில் தடை கிடையாது. "இதை எடுத்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள்" என்று மட்டும் கேட்போம்.

ஓர் எடுத்துக்காட்டு. பேருந்தில் வேலைக்குப் போகும் தம்பி முதலில் கொண்டுவந்தது இது. அவர் அனுமதியோடு தருகிறேன்.

நிலவே உன் முகம் கண்டு
நிலவும் நாணியதடி
தேவதையே உன் சிரிப்பில்
என் இதயம் தொலைந்ததடி

ஓசை இருக்கிறது. "நிலவே – நிலவும்" மோனையும் பிடிபட்டிருக்கிறது. ஆனால் இதில் அந்தப் பெண் எங்கே? இதை எவருக்கும் கொடுக்கலாம். ஆசிரியை அம்மா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அவங்களை முதல்ல கவனிச்ச அன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை டீச்சர். பஸ்ல கண்டக்டர் சில்லறை இல்லைன்னு டிக்கெட் பின்னாடி எழுதிக் குடுத்தாரு. அதை வாங்காமலே இறங்கிட்டேன்."

"ஏன்?"

"அவங்க இறங்கிட்டாங்களே."

வட்டமே அமைதியாகிவிட்டது. தான் சொன்னது என்னவென்று அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. அடுத்த மாதம் இப்படி வந்தார்:

டிக்கெட்டின் பின்னால்
"ஆறு ரூபாய்" என்று எழுதிக் கொடுத்தார் கண்டக்டர்.
நீ இறங்கிய நிறுத்தத்தில்
நானும் இறங்கிவிட்டேன்.
அந்த ஆறு ரூபாய்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது,
கடைசி நிறுத்தம் தெரியாமல்.

நிலவு போய்விட்டது, தேவதை போய்விட்டாள், எதுகையும் போய்விட்டது. ஆனால் ஒரு ஆள் வந்துவிட்டார். இதற்குப் பிறகும் "கடைசி நிறுத்தம் தெரியாமல்" என்ற வரி வேண்டுமா என்று நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். அது விளக்கம் சொல்கிறது, எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. தம்பி வைத்துக்கொண்டார். கவிதை அவருடையது.

எதுகை, மோனை பற்றி ஒரு சொல். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, முதலெழுத்து ஒன்றினால் மோனை. இரண்டும் காதுக்கு இனியவை. மோனை தானாக வந்தால் வரட்டும். எதுகைக்காக மட்டும் ஒரு சொல்லைத் தேடிப் போனால், "உன்னை" என்றதும் "என்னை", "என்னை" என்றதும் "அன்னை" என்று அது உங்களை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விடும்.

வாசிக்கும் முறை

ஒவ்வொரு கவிதையும் இரண்டு முறை, இரண்டு குரலில். முதலில் எழுதியவர் வாசிப்பார். பிறகு வேறொருவர் தாளை வாங்கி வாசிப்பார். தன் வரியை அந்நியக் குரலில் கேட்கும்போது எங்கே தடுக்குகிறது என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். இரண்டாமவர் மூச்சு வாங்கும் இடத்தைக் கவனியுங்கள். வரியை அங்கேதான் உடைக்க வேண்டும்.

முன்னுரை வேண்டாம். "சும்மாதான் எழுதினேன், நல்லா இருக்காது" என்று தொடங்குவதை நாங்கள் அன்போடு தடுத்துவிடுவோம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாசிக்கப்பட்ட கவிதையை யாராலும் திறந்த மனசோடு கேட்க முடியாது.

பாராட்டுவது எப்படி

ஒரு வட்டம் நிற்பதும் கலைவதும் இங்கேதான். எங்கள் வட்டமே முதல் ஆண்டில் கலையப் பார்த்தது. "அருமை", "சூப்பர்", "பின்னிட்டீங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் ஒரே அளவு சர்க்கரை. நான்கு மாதத்தில் ஒருவருக்கும் எதுவும் மிச்சமில்லை.

இப்போது செய்வது இது. இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. அந்த அமைதி முதலில் சங்கடமாக இருக்கும், பழகிவிடும். பிறகு ஒவ்வொருவரும், தாளைப் பார்க்காமல், நினைவில் தங்கிய ஒரே ஒரு வரியைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஏன் பிடித்தது என்ற விளக்கம் வேண்டியதில்லை. ஐந்து பேர் ஒரே வரியைச் சொன்னால் கவிதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடும். ஒருவருக்கும் ஒரு வரியும் நினைவில் இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும், யாரும் புண்படுத்தும்படி ஒரு சொல் சொல்லாமலே.

அதற்குப் பிறகுதான் கேள்வி. "இந்த இடம் எனக்குப் புரியவில்லை", "இங்கே நான் வெளியே வந்துவிட்டேன்" என்று கேட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லலாம். "நீங்கள் இப்படி எழுதியிருக்கலாம்" என்று மாற்று வரி கொடுப்பதை மட்டும் ஏற்பதில்லை. எழுதியவரே கேட்டால் தரலாம்.

கடைசியாகப் பெயர். எல்லாருக்கும் தங்கிய வரியிலிருந்து ஒரு தொடரை எடுத்து, அந்த மாதத்துக்கு அவருக்கு அதைப் பெயராக வைப்போம். தம்பி அன்று முதல் மீதிச் சில்லறையார். வீட்டுக்காரரை இழந்த ஒரு அம்மா எழுதியது:

காலையில் இரண்டு டம்ளர் எடுக்கிறது கை.
ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கிறேன்.
நாற்பது வருடம் கழுவிய கைக்கு
நான் எப்படிச் சொல்வேன்.

அவர் கவிழ்த்த டம்ளரார். அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு தன் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். "அருமை" என்று நூறு பேர் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உன் வரியை நான் கேட்டேன், அது என்னிடம் இருக்கிறது என்று சொல்வதைவிடப் பெரிய பாராட்டை நான் அறியேன்.

யார் அது என்று கேட்கவே கூடாது

இதை நாங்கள் வலித்துக் கற்றோம். இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் மிக நல்ல கவிதை ஒன்றை வாசித்தார். அமைதி முடியுமுன்னே ஒருவர் சிரித்தபடி, "யாரும்மா அந்த அதிர்ஷ்டசாலி? நம்ம தெருவா?" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பெண் அடுத்த மாதம் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அவர் கவிதை எங்கள் நோட்டில் பாதியில் நிற்கிறது.

அகப்பாடலில் காதலர் பெயர் வரக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." இதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்றால், நெடுநல்வாடையில் பாண்டியரின் அடையாளமான வேம்பைக் குறிப்பிட்டதால், பிரிந்த தலைவியின் துயரைச் சொல்லும் அந்தப் பாட்டையே உரைகாரர், போரையும் அரசரையும் பாடும் புறத்தில் சேர்த்துவிட்டார். வெறும் இலக்கணக் கெடுபிடி என்றுதான் கல்லூரியில் நினைத்தேன். அந்தப் பெண் போன பிறகுதான் அந்த விதி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று புரிந்தது. எங்கள் முதல் விதி இப்போது அதுதான். கவிதையில் பெயர், தெரு, வேலை செய்யும் இடம் எதுவும் வேண்டாம். கேட்பவரும் கேட்கக் கூடாது. சாதி, மதம் தாண்டிய காதல்களை வீட்டில் சொல்ல முடியாதவர்களும் நம் நடுவே இருப்பார்கள். அவர்களுக்கு இந்த விதி உயிர்க்காப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கப் பாடலில் மடலேறுதல் உண்டு. காதல் கைகூடாதவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறியத் தெருவில் வருவேன் என்பான். பாட்டில் அது அழகு. வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருவரின் வாசலில் இன்று அதைச் செய்தால் அது தொல்லை. மறுத்தவரை விடாமல் துரத்தும், பழிக்கும், சாபமிடும் கவிதைகளை நாங்கள் வாசிக்க விடுவதில்லை. மறுக்கப்பட்டவனின் துக்கம் வரலாம், தாராளமாக.

எழுதி வைப்பது

ஒரு தடித்த கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். வாசித்த கவிதையை எழுதியவரே தன் கையால் அதில் எழுத வேண்டும். கீழே சொந்தப் பெயர் வேண்டாம், வட்டம் வைத்த பெயர் போதும். பிறர் கவிதையைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமென்றால் எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான். பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்தியச் சட்டப்படி எழுதிய நொடியிலிருந்து உரிமை எழுதியவருக்கே, அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வரை. பிறர் கவிதையைத் தன்னுடையது என்று ஒருவர் கொண்டுவந்தால் வட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். தேநீர் குடிக்கும்போது தனியாகச் சொல்லுங்கள். எங்களிடம் அப்படி வந்தவர், "எனக்குச் சொல்லத் தெரியலைக்கா, அவர் சொன்னது அப்படியே எனக்கு நடந்தது" என்றார். அடுத்த முறை, நடந்ததை மட்டும் எழுதி வந்தார்.

எழுதாதவர்கள்

இவர்களுக்கு வட்டத்தில் நிச்சயம் இடம் வையுங்கள். இரண்டாம் குரலாக வாசிக்க இவர்களைவிட நல்லவர் கிடைக்க மாட்டார்கள். எங்களோடு பிளம்பிங் வேலை செய்யும் ஒரு அண்ணன் ஒன்றரை ஆண்டாக வருகிறார். ஒரு வரியும் எழுதியதில்லை. போன மாதம், செவிலியர் வாசித்து முடித்த அமைதியில், தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்: "அவ என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுடும்."

ஆசிரியை அம்மா நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, அந்த ஒரு வரியை எழுதினார். பெயர் வைக்க எங்களுக்கு அன்று அதிக நேரம் ஆகவில்லை. முன்கேட்டவனார்.